உதிர்ந்துகொண்டே இருந்த ஓட்ஸ் குக்கீ

பீனட் பட்டரும் (வேர்க்கடலை விழுது) தேனும் சேர்த்துச் சுடாமல் செய்யும் ஓட்ஸ் குக்கீ, 4 நாட்களாகக் கையில் எடுத்ததுமே பொலபொலவென்று உதிர்ந்தது. தேனைக் கூட்டினேன், பிசுபிசுத்ததே தவிரப் பிடிக்கவில்லை. இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தும் பலனில்லை.

பிறகுதான் ஒன்று உறைத்தது: புது பீனட் பட்டர் பாட்டிலைத் திறந்து செய்த முதல் முறை மட்டும் உருண்டை தளர்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. கடலையை மட்டும் அரைத்த பீனட் பட்டரில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். அதை முதலிலேயே வழித்துத் தீர்த்துவிட்டு, அடியில் வறண்டு இறுகிய விழுதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்!

வேறு பாட்டிலை நீளக் கரண்டியால் அடிவரை கிளறினேன். அரை கப் எடுத்து, கால் கப் தேனோடு இளஞ்சூட்டில் இளக்கி, 1 கப் ஓட்ஸைக் கலந்தேன். ஓட்ஸில் பாதியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டிருந்தேன். 10 நிமிடம் ஊறவிட்டு, அழுத்தித் தட்டி, 30 நிமிடம் குளிரவைத்தேன். அப்பாடா, விளிம்புகூட உதிரவில்லை.