சொல்லின் தலையெழுத்து: முன்னொட்டை வைத்து ஆங்கிலப் பொருள் பிடிக்கும் முறை

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் ஆங்கில முன்னொட்டுகளின், அதாவது சொல்லின் தலையில் ஒட்டும் துண்டுகளின், பட்டியல் ஒன்று தவறாமல் இருக்கும்: ‘அன்’ என்றால் இல்லை, ‘ப்ரீ’ என்றால் முன், ‘ரீ’ என்றால் மறுபடி. பட்டியலில் தப்பில்லை. அதை எங்கே நம்பக்கூடாது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. மதிப்பெண் போவது அங்கேதான்.

தெரியாத சொல் வந்தால் முதலில் தலையை வெட்டிப் பாருங்கள். மிச்சம் தனியாக நிற்கிறதா? ‘அன்ஹேப்பி’யில் ‘ஹேப்பி’ நிற்கிறது. ‘அங்கிள்’ என்ற சொல்லும் யு, என் என்றுதான் தொடங்குகிறது. வெட்டினால் மிஞ்சுவது ‘கிள்’. ‘மிஸ்டேக்’கில் ‘டேக்’ உண்டு. ‘மிஸ்டர்’, ‘மிசைல்’ இரண்டையும் வெட்டினால் ஒன்றும் தேறாது. தமிழில் நாம் இதை யோசிக்காமலே செய்கிறோம். ‘அநியாயம்’ என்பதை நியாயம் இல்லாதது என்று பிரிப்பவர் யாரும் ‘அழகு’ என்பதை ‘ழகு’ இல்லாதது என்று பிரிப்பதில்லை.

மிச்சம் தனியாக நிற்காவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். அது லத்தீன் வேராக இருக்கலாம். அதே மிச்சம் இன்னும் இரண்டு மூன்று தலைகளோடு வருகிறதா என்று பாருங்கள். ‘ரிஜெக்ட்’, ‘இன்ஜெக்ட்’, ‘ஈஜெக்ட்’, ‘ப்ரொஜெக்ட்’ நான்கிலும் ஒரே ‘ஜெக்ட்’. எறிதல் என்பது அதன் பொருள். திருப்பி எறிவது, உள்ளே செலுத்துவது, வெளியே தள்ளுவது, முன்னால் வீசுவது என்று நான்கும் ஒரே மூச்சில் வந்துவிடும். இப்படி எந்தக் கூட்டமும் சேராத மிச்சம் என்றால் ஊகத்தை நிறுத்திவிட்டு அகராதியைத் திறப்பது நல்லது. கடைசியாக, கிடைத்த பொருளை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் வாக்கியத்தை நம்புங்கள், முன்னொட்டை அல்ல.

அதிகம் ஏமாற்றுவது ஐ, என் என்று தொடங்கும் கூட்டம். காரணம், அங்கே ஒரே எழுத்தில் இரண்டு முன்னொட்டுகள் இருக்கின்றன. ஒன்று மறுப்பது: ‘இன்கரெக்ட்’, ‘இன்விசிபிள்’. மற்றொன்று ‘உள்ளே’ என்று சொல்வது: ‘இன்க்ளூட்’, ‘இன்ஹேல்’. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்குமே, அதை ‘தீப்பிடிக்காதது’ என்று படித்தால் என்ன ஆகும்! அது ‘இன்ஃப்ளேம்’ என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. எளிதில் தீப்பற்றும் என்றே பொருள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இப்போது பல எச்சரிக்கை லேபிள்களில் ‘ஃப்ளேமபிள்’ என்று மட்டும் போடுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பிடிக்காதது என்றால் ‘நான்-ஃப்ளேமபிள்’.

‘இன்வேல்யுவபிள்’ வேறு வகை. இங்கே மறுப்பு இருக்கிறது, ஆனால் மறுக்கப்படுவது மதிப்பு அல்ல, மதிப்பிட முடிவது. அதனால் விலைமதிப்பற்றது என்ற பொருள் வருகிறது. தம்பிடிக்குப் பெறாதது என்றல்ல. ‘இன்ஃபேமஸ்’ என்பவன் யாருக்கும் தெரியாதவன் இல்லை. கெட்ட பெயரால் ஊருக்கே தெரிந்தவன்.

மறுக்கும் இந்த ‘இன்’ அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப உருமாறும். பி, எம் இரண்டின் முன்னால் ‘இம்’, எல் முன்னால் ‘இல்’, ஆர் முன்னால் ‘இர்’: ‘இம்பாசிபிள்’, ‘இம்மெச்சூர்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’. இதில் ஒரு உபரி லாபம் உண்டு, எழுத்துப்பிழை நின்றுவிடும். ‘லீகல்’ எல்லில் தொடங்குவதால் ‘இல்லீகல்’ என்பதில் இரண்டு எல் வந்தே ஆகவேண்டும். ‘மிஸ்ஸ்பெல்’ என்பதில் இரண்டு எஸ், ஏனென்றால் ‘ஸ்பெல்’ எஸ்ஸில் தொடங்குகிறது. ‘டிஸப்பாயின்ட்’ என்பதில் ஒரே எஸ், இரண்டு பி. மிச்சம் ‘அப்பாயின்ட்’ என்று தெரிந்தவர் அதை மாற்றிப் போடமாட்டார்.

அடுத்த ஆபத்து இரட்டைப் பிள்ளைகள்: எழுத்தில் ஒன்றுபோல இருந்து பொருளில் எதிரெதிராக நிற்பவை. ‘ஹைப்பர்’ என்றால் மிகை, ‘ஹைப்போ’ என்றால் குறைவு அல்லது கீழே. ஹைப்பர்டென்ஷன் ரத்த அழுத்தம் கூடியது. பொதுவாக 140/90 என்ற அளவிலிருந்து அப்படிச் சொல்வார்கள். ஹைப்போகிளைசீமியா ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. ஊசியை ஹைப்போடெர்மிக் என்பது தோலுக்குக் கீழே போவதால்தான். தைராய்டு ரிப்போர்ட்டில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஹைப்போதைராய்டில் பெரும்பாலும் டி.எஸ்.எச். எண் கூடியிருக்கும். எண் கூடியதால் ‘ஹைப்பர்’ என்று நினைத்துவிடுகிறார்கள். சுரப்பது குறைந்த தைராய்டை வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அதிகமாக அனுப்பும் தூண்டுதலே டி.எஸ்.எச். ‘ஹைப்போ’ என்ற பெயர் தைராய்டு ஹார்மோனைக் குறிக்கிறது, அந்த எண்ணை அல்ல.

‘இன்டர்’ என்றால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே, ‘இன்ட்ரா’ என்றால் ஒன்றுக்குள்ளேயே. ஜி.எஸ்.டி. பில் போடுபவர்களுக்கு இது வெறும் இலக்கணம் இல்லை. கோவையில் இருந்து சென்னைக்கு அனுப்பும் 10,000 ரூபாய்ச் சரக்கு இன்ட்ரா-ஸ்டேட். 18 சதவீத வரி என்றால் மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி. 900, மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி. 900. அதே சரக்கு பெங்களூருக்குப் போனால் இன்டர்-ஸ்டேட், இரண்டுக்கும் பதிலாக ஒரே வரியாக ஐ.ஜி.எஸ்.டி. 1,800. மொத்தம் ஒன்றுதானே என்று மாற்றிக் கட்டினால், சரியான தலைப்பில் இன்னொரு முறை கட்டிவிட்டு முதலில் கட்டியதை ரீஃபண்ட் கேட்டு அலையவேண்டும்.

காதுக்குச் சுத்தமாக வித்தியாசம் தெரியாத ஜோடி ‘ஆன்டி’. ஐ போட்டு எழுதினால் எதிர்: ‘ஆன்டிபயாட்டிக்’. இ போட்டு எழுதினால் முன்: ஆஸ்பத்திரியில் ‘ஆன்டிநேட்டல்’ வார்டு என்பது பிரசவத்துக்கு முந்தைய கவனிப்புக்கானது. ‘ப்ரிஸ்க்ரைப்’ பரிந்துரைப்பது, ‘ப்ரொஸ்க்ரைப்’ தடை செய்வது. ஒரு எழுத்து மாறினால் மருந்துச்சீட்டு தடையுத்தரவாகிவிடும்.

‘பை’ என்றால் இரண்டு; இது எல்லாருக்கும் தெரியும், அதனாலேயே ஏமாறுகிறோம். ‘பைமன்த்லி’ என்பது மாதம் இரண்டு முறையாகவும் இருக்கலாம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாகவும் இருக்கலாம். ரிசர்வ் வங்கியின் நிதிக்கொள்கை அறிக்கையும் தமிழ்நாட்டு வீடுகளின் மின்கட்டணமும் இரண்டாவது வகை. நீங்களே எழுதும்போது இந்தச் சொல்லைத் தவிர்த்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று விரித்து எழுதுவது உத்தமம். ‘பைஆனுவல்’ பொதுவாக ஆண்டுக்கு இருமுறை, ‘பையெனியல்’ இரண்டாண்டுக்கு ஒருமுறை. ஆனால் ‘பைஆனுவல்’ என்பதற்கும் சில அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன.

‘அன்’, ‘டிஸ்’, ‘மிஸ்’ மூன்றும் மறுப்புதானே என்று ஒரே கூடையில் போடாதீர்கள். ‘யூஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பிரித்துப் பாருங்கள்: ‘அன்யூஸ்ட்’ இதுவரை பயன்படுத்தாதது, ‘டிஸ்யூஸ்ட்’ ஒரு காலத்தில் பயன்பட்டு இப்போது விடப்பட்டது, ‘மிஸ்யூஸ்ட்’ தவறாகப் பயன்படுத்தியது. தேர்வில் விரும்பிக் கேட்பது ‘அன்இன்ட்ரஸ்டட்’, ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஜோடி. முன்னது ஆர்வமில்லாதவர். பின்னது தன் லாபம் பாராத நடுநிலையாளர். நீதிபதி அப்படித்தான் இருக்கவேண்டும்.

பயிற்சிக்கு 40 பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு முன்னொட்டு, அதில் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். சொல், வெட்டிய மிச்சம், சொந்தமாக எழுதிய ஒரு வாக்கியம் என மூன்று பத்தி. பக்கத்தின் அடியில் கோடு போட்டு, அதே எழுத்தில் தொடங்கி ஏமாற்றும் சொற்களை நாலைந்து எழுதுங்கள். ‘மிஸ்’ பக்கம் என்றால் ‘மிசைல்’, ‘மிஷன்’. உதாரணம் தேட அகராதியில் அந்த எழுத்துகள் தொடங்கும் பக்கத்தைத் திறந்தால் போதும், எல்லாம் வரிசையாக நிற்கும். இரட்டைப் பிள்ளைகளை ஒரே நாளில் படிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தே மனதில் பதிந்து, தேர்வு அறையில் எது எது என்று தெரியாமல் கைகொடுக்காமல் போகும். ‘ஹைப்பர்’ நன்றாக ஊறிய பிறகு, ஒரு வாரம் விட்டு ‘ஹைப்போ’வுக்குப் போங்கள்.

‘ரீ’ பக்கத்தில் மட்டும் சிறு கோட்டைக் கவனியுங்கள். கோடு இல்லாமல் ‘ரிசைன்’ என்றால் வேலையை விடுவது. கோடு போட்டு ‘ரீ-சைன்’ என்றால் ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போடுவது. மேலதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பும் முன் அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.