சத்தமே இல்லாத டாப்பெட்டை நம்பாதீர்கள்

என்னிடம் இருப்பது 1972ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் கார். இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த வண்டி. 1798 சிசி, நாலு சிலிண்டர், எட்டு வால்வு. இந்த எஞ்சினில் முதன்முதலாகக் கை வைக்க நினைப்பவருக்கு நான் சொல்வது டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்தான், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியைச் சரிசெய்வது. ஒரு ஞாயிறு காலை போதும்.

ராத்திரி முழுக்க நின்று எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆறிய எஞ்சினில் நான் வைக்கும் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். உங்கள் எஞ்சின் எண்ணுக்கு உரிய அளவைக் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி வயரை எடுத்துவிட்டு நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் எஞ்சின் லேசாகச் சுற்றும். அப்புறம் ராக்கர்களை மூடியிருக்கும் ராக்கர் கவர், இரண்டே நட். சமதரையில் வண்டியை நாலாவது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினால் எஞ்சினும் சுற்றும். ஃபேன் இறக்கையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம், வளைந்துவிடும்.

எந்த வால்வை எப்போது பார்ப்பது? ஒன்பது கணக்கை மனதில் வைத்தால் போதும். ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணுங்கள். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதைப் பார்க்க வேண்டும். ஆறாவது அமுங்கினால் மூன்றாவது, நாலாவது அமுங்கினால் ஐந்தாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

ராக்கரில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருப்பி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகுங்கள். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஸ்குரூவை அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறும், அநேகமாக ஒவ்வொரு தடவையும். ராக்கரின் நுனியில் குழி விழுந்திருந்தால் தகடு குழிக்குள் இறங்காது. கேஜ் காட்டுவதைவிட உண்மையான இடைவெளி அதிகமாக இருக்கும். அந்த ராக்கரை மாற்றத்தான் வேண்டும்.

முதல் வருடம் டிக் டிக் சத்தம் அடங்கும்வரை இறுக்கிக்கொண்டே போனேன். எஞ்சின் தையல் மெஷின் போல ஓடியது, சந்தோஷப்பட்டேன். சில மாதத்தில் ஒரு சிலிண்டர் செத்தது. வால்வுகள் இருக்கும் ஹெட்டை இறக்கினால் நாலாவது வால்வின் விளிம்பு கருகியிருந்தது. இடைவெளி போதாவிட்டால் சூட்டில் வால்வு நீண்டு, முழுக்க மூடாமல் நிற்கும். சீட்டில், அதாவது அது மூடும் துளையின் விளிம்பில், அழுந்தி உட்கார்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்குள் இறங்கும். 1, 4, 5, 8 புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகள். நடுவில் உள்ள 4, 5 இரண்டுக்கும் வெளியேறும் வழி ஒன்றே, அங்கே சூடும் அதிகம். அந்த இரண்டையும் நான் இப்போது இரண்டு முறை அளக்கிறேன்.

கவரைப் போடும்போது கார்க் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். நட்டை முறுக்கித் தள்ளினால் கவர் வளைந்து ஆயில் கசியும். பிளக்கையும் பேட்டரி வயரையும் மாட்டி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கவரின் ஓரத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். விரலில் ஈரம் இல்லை, காதில் மெல்லிய டிக் டிக் கேட்கிறது என்றால் சரி, வண்டியை வெளியே எடுக்கலாம்.