மும்பை மழையில் நாம் செய்யும் தவறுகள்

ஜூன் பிறப்பதற்குள் தாராவி, சயான், செம்பூர் பக்கம் கூரையில் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். குடை, ரெயின்கோட், பவர் பேங்க் எல்லாம் தயார். மழைக்கு ஆயத்தம் அவ்வளவுதான் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் மழை ஆளைக் கொல்வது பெரும்பாலும் எப்போது வெளியே இறங்குகிறோம், எந்தத் தண்ணீரில் கால் வைக்கிறோம் என்பதில்தான். பொருள் வாங்கிவிட்டோம், முடிவுகளை யோசிக்கவில்லை.

முதல் தவறு, ஜன்னலை எட்டிப் பார்த்து மழையை எடைபோடுவது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது. அதே நாளில் நகரின் தெற்கு முனையில் உள்ள கொலாபாவில் 73 மி.மீ.தான். தெற்கு மும்பை ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு குர்லாவில் மித்தி நதி கரை தாண்டியது தெரிய வாய்ப்பே இல்லை. வழக்கம்போல் கிளம்பினார்கள், நடுவழியில் மாட்டினார்கள். அதனால் பார்க்க வேண்டியது நீங்கள் இருக்கும் இடத்து வானத்தை மட்டுமல்ல. வீட்டுக்குப் போகும் வழி முழுவதையும்.

கூடவே கடலையும். நகரத்தின் மழைநீர்க் கால்வாய்கள் பல கடலில் போய் முடிகின்றன. கடல் ஏறும் நேரத்தில் அந்த வாய்கள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். தண்ணீர் வெளியே போக வழியில்லை. பம்பிங் ஸ்டேஷன்கள் இருந்தும், கடல் ஏறும் நேரத்தில் பெருமழை சேர்ந்துகொண்டால் ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், மிலன் சப்வே பக்கம் தண்ணீர் தேங்குவது வருடாவருடம் பார்க்கும் காட்சி. கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே வெளியிடுகிறது. ராகுகாலம் பார்க்கும் தினசரி காலண்டரிலேயே அதைக் குறித்து வைக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்றம் அதிகம் என்பதால் காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும். ஏற்றம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே ஆபீஸிலோ கடையிலோ மாடியில் இருந்தால் அங்கேயே இருங்கள். ஒரு ராத்திரி நாற்காலியில் தூங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. "எப்படியாவது வீட்டுக்குப் போயிடணும்" என்ற அந்த வெறி இருக்கிறதே, இந்த ஊரில் அதற்குப் பெருமையாக "மும்பை ஸ்பிரிட்" என்று வேறு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை எதுவும் தெரியவில்லை.

2017 ஆகஸ்ட் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு பக்கம் வெள்ளத்தில் நடந்து வீட்டுக்குப் போன ஒரு மருத்துவர் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். உடல் வொர்லி பக்கம் கடலோரத்தில் கிடைத்தது. தெருத் தண்ணீர் வடியட்டும் என்று நாமே மூடியைத் தூக்கி வைப்பது உதவி போலத் தோன்றும். அடுத்து நடந்து வருகிறவருக்கு அது கொலைக்குழி. நடந்தே ஆகவேண்டிய நிலை வந்தால் கையில் ஒரு கம்பு வைத்து முன்னால் தரையைத் தட்டிப் பார்த்தே அடி வைக்க வேண்டும். காரில் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 2005-ல் மூடிய கார்களுக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே இறங்கி மேட்டுக்குப் போய்விடுங்கள், வண்டி போனால் போகட்டும். ரயில் நடுவில் நின்றால் இதற்கு நேர்மாறு. 2019 ஜூலையில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வாங்கணி அருகே வெள்ளத்தில் நின்றபோது, இறங்காதீர்கள், ரயில்தான் பாதுகாப்பு என்று ரயில்வே சொன்னது. ஏறக்குறைய ஆயிரம் பேர் பத்திரமாக மீட்கப்பட்டார்கள்.

வீட்டில் நடக்கும் தவறுகளில் மோசமானது மெயின் சுவிட்ச். தண்ணீர் கணுக்காலுக்கு வந்த பிறகு, அதில் நின்றுகொண்டே அணைக்கப் போகிறார்கள். வாசலைத் தண்ணீர் தொடுவதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள், சிலிண்டர் மிதக்கும். லிஃப்ட் பக்கமே போகாதீர்கள்.

அடுக்குமாடி சொசைட்டிகளில் யாரும் பேசாத விஷயம் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. வெள்ளம் மூடி வழியாக உள்ளே இறங்கினால் சாக்கடையும் சேர்ந்தே இறங்கும். வாட்ச்மேன் வழக்கம்போல் காலையில் மோட்டார் போடுவார், அதே தண்ணீர் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி எல்லா வீட்டுக் குழாயிலும் வரும். நான்காவது மாடியில் இருப்பவர், "நமக்குத்தான் வெள்ளம் வரலையே" என்று காபிக்குத் தண்ணீர் பிடிப்பார். மூடியை உயர்த்திக் கட்டுவது ஒரு முறை செய்யும் வேலை. உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால் தொட்டியைக் காலி செய்து, கழுவி, குளோரின் போடும்வரை மோட்டாரைத் தொடக் கூடாது. இதை முன்கூட்டியே வாட்ச்மேனிடம் சொல்லி வைக்க வேண்டும். அதுவரை குடிக்க, மழை வலுக்கும் முன் குடங்களில் பிடித்து மூடி வைத்த தண்ணீர்தான்.

ஊரிலிருந்து பிள்ளையோடு இருக்க வந்த அப்பா அம்மாவை மறந்துவிடுகிறோம். பிள்ளை அந்தேரியில் மாட்டிக்கொண்டான், இவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தெருவில் ஒலிபெருக்கி மராத்தியில் சொல்லிக்கொண்டு போவது புரியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி, கதவுக்குப் பின்னால் இந்தியில் எழுதிய முகவரி, மாநகராட்சியின் 1916, அவசர உதவிக்கு 112, ஒரு வாரத்துக்கான சுகர், பிரஷர் மாத்திரை. இவ்வளவும் வேண்டும். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் இருபது பேரும் தனித்தனியாக போன் போட்டால் சார்ஜ் தீரும். திருநெல்வேலியில் ஒரு அத்தைக்கு மட்டும் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியை நம்பி ஓடுவதும், ஓடச் சொல்லி அனுப்புவதும் ஒரே தவறுதான். 2005 ஜூலை 28 அன்று, வாட்ஸ்அப் எல்லாம் வராத காலத்திலேயே, அணை உடைந்தது, சுனாமி வருகிறது என்ற வதந்தியில் ஜுஹு நேரு நகரில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்தார்கள்.

மலைச்சரிவை ஒட்டி வசிப்பவர்களுக்கு மட்டும் "இருக்கும் இடத்திலேயே இருங்கள்" பொருந்தாது. 2021 ஜூலையில் செம்பூர் பாரத் நகரில் சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்தது ராத்திரி, எல்லோரும் தூங்கிய நேரம். அங்கே சிவப்பு எச்சரிக்கை வந்தால் பகலிலேயே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழி.

மழை விட்டதும் எல்லாம் முடிந்ததாக நினைப்பது கடைசித் தவறு. வெள்ளத்தில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் போதும், எலிக்காய்ச்சல் வர. தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள் மூன்று நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்து எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தேவையா என்று கேட்க வேண்டும் என்பது மாநகராட்சியே சொல்லும் ஆலோசனை. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அந்த மாத்திரை ஆகாது என்பதால் மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கண் சிவந்து, கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் அடித்தால், எந்தத் தேதியில் தண்ணீரில் நடந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.