பூனை இருக்கும் வீட்டில் முயல்: சண்டையில்லாமல் பழக்கும் முறை

முயல் ஓடினால் பூனை துரத்தும். ஓடாமல் நின்றால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பழக்குவதன் சூட்சுமம் இதுதான்: முதலில் முயலுக்குத் தைரியம் வரவேண்டும்.

ஜோடி சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளங்கை அளவு முயல்குட்டியையும் வளர்ந்த பூனையையும் சேர்க்கவே கூடாது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்தில் பெருக்கும் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் வளர்ந்தால் 3 கிலோவைத் தாண்டும். அந்த உருவத்தைப் பூனை லேசில் சீண்டாது. வளர்ந்த முயலிடம் 2, 3 மாதப் பூனைக்குட்டியைக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் சுலபம். தோப்பில் எலியும் ஓணானும் பிடித்துத் தின்று ருசி கண்ட பூனை என்றால் ஆசையை விட்டுவிட்டு, இரண்டையும் தனித்தனி அறையில் வளருங்கள்.

இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். ஆண் முயலுக்கு 4 மாதத்துக்கு மேல், பெண்ணுக்கு 6 மாதம் வாக்கில் செய்யலாம். செய்யாத ஆண் முயல் பூனை மேலேயே ஏறும், பூனை அறையும். அறுவைக்குப் பிறகும் அந்தக் குணம் அடங்க 6 வாரம் வரை ஆகும்.

கூண்டு

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் குறைந்தபட்சம். கம்பிவலையின் கண் அரை அங்குலம் இருக்கட்டும். ஓர் அங்குலம் என்றால் பூனையின் கை உள்ளே போகும். தரையில் கோரைப்பாய் விரியுங்கள், முயல் கடித்தாலும் கெடுதல் இல்லை. வெறும் கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகும். உள்ளே ஓர் அட்டைப்பெட்டி, அதற்கு இரண்டு வாசல். ஒரே வாசலாக இருந்தால் பூனை அங்கே வந்து உட்கார்ந்ததும் முயலுக்குப் போக்கிடம் இல்லை.

30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறும். தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர்ப் பக்கம் சித்திரை வெயிலுக்கு, பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டில் வையுங்கள். (பூனையும் பக்கத்தில் வந்து படுக்கப் பார்க்கும்!) குமுளி மலை ஏறிவிட்டால் வெயில் கவலை இல்லை, மழை ஈரம்தான் தொல்லை, பாயை அடிக்கடி மாற்ற வேண்டும்.

பழக்கும் வாரங்கள்

முதல் வாரம் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். பழைய துண்டால் பூனையைத் துடைத்து முயலின் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். முயலைத் துடைத்ததைப் பூனை படுக்கும் இடத்தில். முயல் தீனியைத் தொடாவிட்டால் துண்டைத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாம் வாரம் முயல் கூண்டுக்குள், பூனை வெளியே. பூனைக்கு வயிறு நிறையப் போட்ட பிறகு, தினம் இரண்டு முறை, பத்து நிமிடம். வால் நுனி துடிப்பது, கண்பாப்பா விரிவது, பின்பக்கத்தை அசைத்துப் பதுங்குவது மூன்றும் பாய்ச்சலுக்கு அடையாளம். கத்தாதீர்கள், முயல்தான் மிரளும். நாடாவை ஆட்டிக் கவனத்தைத் திருப்புங்கள். முயல் பின்னங்காலால் தரையைத் தட்டினால் அன்றைக்குப் போதும். புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறுவது ஓர் இடத்தில்: முயல் அசையாமல், கண் பிதுங்க, காதை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். 'அடடா, எவ்வளவு சாதுவாக இருக்கிறது' என்பார்கள். அது பயத்தில் உறைந்து கிடக்கிறது. நிம்மதியாக இருக்கும் முயல் தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிவிடும்.

அப்படிச் சாயத் தொடங்கிய பிறகுதான் ஒரே அறை. பூனையின் நகத்தை வெட்டி, உடம்பைச் சுற்றும் வார் மாட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் முயல் வழுக்கி மிரளும், பாய் விரிப்பது அவசியம். முயலைக் கையில் தூக்கிக் காட்டாதீர்கள். உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்துக் கூட்டுங்கள். ஒரு மாதம் துரத்தலே இல்லை என்றால் வாரைக் கழற்றலாம். ஆள் இல்லாத நேரத்தில் எத்தனை வருடம் ஆனாலும் கூண்டைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

தீனி, மருந்து

பூனையின் தட்டை அலமாரியில் ஏற்றிவிடுங்கள், முயல் அதையும் மேயும், வயிறு கெடும். முயலுக்குப் பெரும்பகுதி புல்தான், அருகம்புல் நல்லது. குதிரை மசால் என்ற தீவனப் பயிர் வளரும் குட்டிகளுக்கு மட்டும். மருந்தடித்த தோட்டத்துக் கீரை வேண்டாம். பூனை மலம் கழிக்கப் போடும் களிமண் குருணையை முயல் தின்றால் குடல் அடைக்கும்.

ஃபிப்ரோனில் கலந்த உண்ணி மருந்து பூனைக்குப் போட்டால், இரண்டு நாள் முயலை அண்டவிடாதீர்கள். முயலுக்கு அது விஷம். பூனையின் பல்லோ நகமோ பட்டால் குண்டூசி முனை அளவு காயமானாலும் சீழ் பிடிக்கும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் புகட்டிவிடாதீர்கள். முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். காயமே தெரியாவிட்டாலும், 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.