சின்னக் காசில் வீட்டுக்கு ஒரு கணினி: கரண்டில் இருந்து தொடங்குவோம்

கணினி வாங்கித் தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் எடுத்தவுடன் கேட்பது "ஐ5 நல்லதா, ஐ7 நல்லதா?" என்றுதான். "உங்கள் வீட்டில் கரண்ட் எப்படி?" என்று நான் திருப்பிக் கேட்டால் சிரிப்பார்கள். ஐப்பசி இடிமழையில் ஒரே இரவில் கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டையும் ரௌட்டரையும் பறிகொடுத்தவன் நான், அதனால் சிரித்தாலும் கேட்பேன்.

பிள்ளை ஓ.எல். படிக்கிறது, சூம் வகுப்பு இருக்கிறது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடம் பார்க்க வேண்டும், இடைக்கிடை ஒரு கடிதம் அடிக்க வேண்டும், இரவில் கனடாவில் இருக்கும் சித்தியோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். இப்படியான வீட்டுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கேம்களும் வீடியோ எடிட்டிங்கும் வேறு கதை. டொலரோடு சேர்ந்து விலையும் ஆடுவதால் ரூபாக் கணக்கு எழுதவில்லை, எழுதினாலும் அடுத்த மாதம் பிழையாகிவிடும்.

1. யூ.பி.எஸ். காசை முதலே எடுத்து வையுங்கள்

மிச்சக் காசில் யூ.பி.எஸ். (கரண்ட் போனாலும் பற்றரியில் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டும் பெட்டி) வாங்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் மிச்சம் வந்ததை நான் கண்டதில்லை. சாதாரண வீட்டுக் கணினிக்கு 650 வி.ஏ. போதும். வி.ஏ. வேறு வாட் வேறு. 650 வி.ஏ. என்று பெட்டியில் போட்டிருந்தால் உண்மையில் 360 வாட் அளவுதான் தாங்கும், ஆனால் நாம் வாங்கப்போகும் கணினியும் மொனிட்டரும் அன்றாட வேலைக்குச் சேர்ந்தே 100 வாட்டைத் தாண்டுவது குறைவு. கரண்ட் போனால் செய்ததைச் சேமித்து ஒழுங்காக மூடச் சில நிமிடங்கள் கிடைக்கும். படத்தை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், மாற்றலாம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் கொழுவ வேண்டாம், சூடேறும்போது ஒரேயடியாக நிறையக் கரண்ட் இழுக்கும்.

இடிக்கு யூ.பி.எஸ்.ஸை நம்பக் கூடாது. வானம் கறுத்தால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், ரௌட்டருக்கு வரும் வயரையும் சேர்த்துத்தான். கேசைத் தொடும்போது கையில் சுர்ரென்று இருந்தால் பெரும்பாலும் வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை. பழைய வயரிங் உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். கணினி வாங்குவதற்கு முதல் வயரிங் வேலை தெரிந்த ஒருவருக்குக் காட்டிவிடுங்கள்.

2. பாவித்ததா, புதிதா?

என் தெரிவு பாவித்த அலுவலகக் கணினி. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை கம்பனிகள் சில வருடம் பாவித்துக் கழித்துவிட்டவை, வருடக்கணக்கில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை. 2025 இறுதியில் இருந்து றாம் (கணினி ஓடும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்) விலை ஏறிவிட்டதால், றாமோடு சேர்ந்தே வரும் பாவித்த பெட்டி இன்னும் இலாபம்.

ஆனால் ஒரு இலக்கத்தைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். கணினியின் மூளையான ப்ரொசெசர் இன்டெல் என்றால் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5 4570 என்றால் நான்காம் தலைமுறை, 7500 என்றால் ஏழாவது, 8500 என்றால் எட்டாவது. 12100 போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டாவது என்று வாசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் கேட்கிறது. "ஐ7 அண்ணை, மலிவாத் தாறன்" என்று நான்காம் தலைமுறையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எட்டாம் தலைமுறை ஐ3 போதும், அதையே எடுங்கள். ஏற்கனவே பழையது வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு ஓட்டலாம்.

இன்னொன்று, சின்னஞ்சிறு பெட்டி வடிவாகத்தான் இருக்கும், ஆனால் டவர் அளவிலுள்ளதை எடுங்கள். மிகச் சிறியவற்றில் மடிகணினி றாம்தான் பொருந்தும், தூசு தட்டுவதும் கரைச்சல். டெல் போன்றவற்றின் பவர் சப்ளை (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) சாதாரணக் கடைகளில் விற்கும் வகையல்ல, எரிந்தால் அதே சாமானைத் தேடி அலைய வேண்டும். யூ.பி.எஸ். பற்றி முதலில் கத்தியது இதற்காகவும்தான்.

3. இல்லை, புதிதாகவே வேண்டும் என்றால்

திரையில் படம் காட்டத் தனி கிராபிக்ஸ் கார்ட் வேண்டாம், அந்த வசதியை உள்ளேயே வைத்திருக்கும் ப்ரொசெசரை எடுங்கள். இன்டெல் ஐ3 12100, இல்லாவிட்டால் ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி. 12100எஃப் என்று கடைசியில் ஒரு எஃப் ஒட்டியிருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை, திரையில் ஒன்றும் வராது. தெரிந்த பெடியன் ஒருவன் கொஞ்சக் காசு மிச்சம் பிடித்து அதை வாங்கிக்கொண்டு வந்து, மொனிட்டர் பழுது என்று இரண்டு நாள் அதைப் போட்டு உருட்டினான்.

மதர்போர்ட் 12100க்கு எச்610, 5600ஜிக்கு ஏ520 போதும். எச்610 போர்ட்களில் டி.டி.ஆர்.4 வகை றாம் எடுப்பதும் உண்டு, டி.டி.ஆர்.5 எடுப்பதும் உண்டு. ஒன்றின் றாம் மற்றதில் ஏறாது, எனவே போர்டைப் பார்த்துத்தான் றாம். 8 ஜி.பி.யில் தொடங்கலாம், காசு இடம் கொடுத்தால் 16. ரைசன் என்றால் ஒரு பெரிய குச்சியை விட ஒரே அளவான இரண்டு சின்னக் குச்சிகள் போடுங்கள், கிராபிக்ஸ் உசாராகும்.

கேசோடு இலவசமாக வரும் "500 வாட்" பவர் சப்ளையை நம்ப வேண்டாம். தூக்கிப் பார்த்தாலே கைக்குள் பஞ்சு மாதிரி இருக்கும். 80 பிளஸ் சான்றுள்ள 450 வாட் ஒன்று தனியாக வாங்குங்கள்.

4. எஸ்.எஸ்.டி.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பழையதோ புதியதோ, விண்டோஸ் இருக்க வேண்டிய இடம் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம்தான். 256 ஜி.பி. போதும். கலியாண வீட்டுப் படங்களை வைக்கப் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

5. கடையில்

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் ஏதும் பிழைத்தால் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறப்போவது நீங்கள்தான். சின்ன வித்தியாசம் என்றால் நான் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வாங்கிவிடுவேன்.

அங்கேயே அரை மணி நேரம் ஓட விடுங்கள். யூடியூப் போட்டுச் சத்தம் வருகிறதா, எல்லா யூ.எஸ்.பி. துளைகளும் வேலை செய்கின்றனவா, பயோஸில் (விண்டோஸுக்கு முதல் வரும் அமைப்புத் திரையில்) யாருடையதோ கடவுச்சொல் கிடக்கிறதா என்று பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தை வீதத்தில் காட்டும். பழைய மொனிட்டரில் வி.ஜி.ஏ. என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்தால் இடையில் போட ஒரு கன்வேர்ட்டரும் தேவைப்படலாம், அதையும் அங்கேயே கொழுவிப் பார்த்து வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பரும் வொரண்டிக் காலமும் எழுதியிருக்க வேண்டும், வாயால் சொன்ன வொரண்டி கடை வாசலோடு சரி.

வீட்டுக்குக் கொண்டு வந்தால் நிலத்தில் வைக்காமல் மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கிறவல் றோட்டோர வீடு என்றால் மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு. பின்பக்கம் மூடியில்லாத துவாரம் ஏதும் இருந்தால் டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள், பல்லிக்கு உள்ளே இருக்கும் சூடு நன்றாகப் பிடிக்கும்.