ஜெர்மன் பூவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது சறுக்கும் இடங்கள்

ஜெர்மனில் 'பிளாட்' என்றால் இலை. புல்லி இதழ் கெல்ஷ்பிளாட், அல்லி இதழ் க்ரோன்பிளாட், மகரந்தத்தாள் ஷ்டௌப்பிளாட், சூலக இலை ஃப்ருக்ட்பிளாட் என்று பூவுக்குள் எதைத் தொட்டாலும் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருக்கும். சொல்லைப் பிரித்தாலே பொருள் தெரிகிறதே என்று அப்படியே ஆங்கிலத்தில் அடுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள்தான் முதலில் விழுகிறார்கள், ஏனென்றால் ஆங்கிலம் இங்கெல்லாம் இலையை விட்டுவிட்டு செபல், பெட்டல், ஸ்டேமன், கார்பல் என்று வேறு வழியில் போய்விட்டது. ஷ்டௌப்பிளாட்டை 'தூசி இலை' என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார், அவ்வளவுதான். பெரிய சேதம் இல்லை.

சேதம் வருவது பார்த்தால் சரியாகத் தெரியும் தவறுகளில். புளூட்டன்பிளாட் என்று பேச்சில் சொன்னால் பெட்டல்தான். ஆனால் கறாரான தாவரவியல் நூலில் அதே சொல்லுக்குள் புல்லி இதழ் முதல் சூலக இலை வரை எல்லாம் அடங்கும், அதனால் பக்கத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் பெட்டல் போட்டுவிடாதீர்கள். துலிப்பில் புல்லி, அல்லி என்ற பிரிவே கிடையாது, ஆறு இதழும் ஒரே சாயல். ஜெர்மனில் பெரிகோன்பிளாட், ஆங்கிலத்தில் டெபல்.

அப்புறம் ஃப்ருக்ட்க்னோட்டன். இது சூற்பை, அதாவது ஓவரி, ஃப்ருக்ட்பிளாட்தான் கார்பல். இரண்டும் 'ஃப்ருக்ட்' என்று தொடங்குவதால் அவசரத்தில் கை மாறிவிடும். துலிப்பில் மூன்று கார்பல் இணைந்து ஒரே ஓவரியாக இருக்கிறது. சொல்லை மாற்றிப் போட்டால் மூன்று ஓவரி உள்ள துலிப் பிறந்துவிடும். செடியை இனம் காணும் அட்டவணையில் இந்த ஒரு எண் போதும், வாசகர் வேறு குடும்பத்துக்கே போய்விடுவார். சாமன்அன்லாகேயும் இதே ரகம்: 'சாமன்' என்றால் விதை, ஆனால் இது இன்னும் விதை ஆகாத சூல், ஓவ்யூல்.

நார்பே என்றால் தழும்பு. பூவில் வந்தால் மகரந்தம் ஒட்டும் சூலகமுடி, அதாவது ஸ்டிக்மா, ஆனால் தண்டில் இலை உதிர்ந்த இடத்துக்கும் (பிளாட்நார்பே) அதே சொல்தான், அங்கே ஸ்கார் என்றே போடவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் ஸ்டிக்மா என்று மாற்றி, கடைசியில் கிளை முழுக்க ஸ்டிக்மா முளைக்கவைத்தவன் நான்.

பூவில் சூற்பை இருக்கும் இடத்தைச் சொல்லும் ஓபர்ஷ்டேண்டிஷ், உன்டர்ஷ்டேண்டிஷ் இரண்டும் 'மேலே', 'கீழே' அல்ல, சுப்பீரியர், இன்ஃபீரியர். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பூந்தொகுப்புகளில் பேச்சு வழக்கே ஏமாற்றும். டோல்டே என்றால் அம்பல் (குடைபோல் விரியும் பூங்கொத்து), சரி. ஆனால் பீருக்குப் போடும் ஹாப்ஸின் ஹோப்ஃபன்டோல்டே அம்பல் இல்லை, ஆங்கிலத்தில் அது கோன். டிரௌபே என்றால் ரசீம் (கிளைக்காத ஒரே தண்டில் காம்புள்ள பூக்கள் வரிசையாக இருக்கும் கொத்து). திராட்சைக் கொத்தையும் ஜெர்மன்காரர்கள் டிரௌபே என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் தாவரவியல் கணக்கில் அந்தக் கொத்து ரிஸ்பே, அதாவது பானிக்கிள் (கிளைத்த கொத்து).