ஏற்புரைக்கு எழுந்திருக்கும் முன்

பொன்னாடை போர்த்தி, கேடயத்தைக் கையில் கொடுத்து, "இப்போது ஏற்புரை" என்று மைக்கை நீட்டிவிடுவார்கள். நெடுநாள் ஒரே வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் அங்கே பணிப்பதிவேட்டை ஒப்பிப்பார்கள். கூட்டம் சாப்பாட்டுப் பந்தியைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடும். பாராட்டுவது ஊர்க்காரர்கள் என்றால் ஊரைப் பற்றிப் பேசுங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் அப்படியொரு மேடை கிடைத்தபோது தயார் செய்த விதம் இது.

எத்தனை நிமிடம், உங்களுக்கு முன்னால் யார் பேசுகிறார்கள் என்று அமைப்பாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் வாழ்த்துரைக்கு யார் வந்தாலும் 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதிலிருந்துதான் ஆரம்பிப்பார். அதை அவருக்கே விட்டுவிடலாம்.

ஊர் வரலாறு உங்கள் வேலையைத் தொடும் இடம் ஒன்று இருக்கும். அதைப் பிடியுங்கள். எனக்கு அது தோணி. இங்கே கரையோரம் கடலுக்கு ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளி நங்கூரம் போடும்; சரக்கெல்லாம் தோணியில் ஏறித்தான் கரைக்கு வரும், கரையிலிருந்து போகும். புதிய துறைமுகம் வந்து, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு, கப்பலே நேராகத் தளத்தில் வந்து கட்டியது. தோணியில் மூட்டை எண்ணிப் பழகிய பெரியவர்களிடம்தான் நான் கணக்கு கற்றுக்கொண்டேன். பேச்சு முழுக்க இதை மட்டும் வைத்துக்கொண்டேன், போதுமானதாக இருந்தது.

நீங்கள் மில்லில் இருந்தவர் என்றால் 1908 கோரல் மில் வேலைநிறுத்தம் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் தொடங்கி, கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக்கொண்டுதான் முடிந்தது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம். ஆசிரியர்களுக்குப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடே போதும்: எந்தத் தெருப் பிள்ளைகள் எப்போது படிக்க வந்தார்கள், தகப்பனாருக்கு என்ன தொழில் என்று அதிலேயே பாதி ஊர் கிடைக்கும்.

ஆண்டுகளைச் சரிபார்க்காமல் மேடையேறாதீர்கள். பனிமய மாதா கோயில் கட்டியது 1713. பேராலயத் தகுதி கிடைத்தது 1982. இரண்டையும் குழப்பினால் முன்வரிசையிலேயே முணுமுணுப்பு எழும். 1986 வரை நாம் திருநெல்வேலி மாவட்டம், ஆகவே பழைய விவரங்களை அந்தப் பெயரில் தேடுங்கள். பேட் தொகுத்த 1917-ஆம் ஆண்டு திருநெல்வேலி கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு நூல், நல்ல தொடக்கம். ஆங்கிலம்தான்; வீட்டில் படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை என்பது என் கருத்து.

அப்புறம், உங்களைப் பற்றிய குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அறிவிப்பாளர் உங்களைத் துறைமுகமே கட்டியவராக்கிவிடுவார். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விளித்தால் உங்கள் நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். "அவையோருக்கு வணக்கம்" போதும். நன்றியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், வேலை கற்றுக்கொடுத்தவரின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.

சட்டைப்பையில் ஒரு பேனாவும் துண்டுத்தாளும் இருக்கட்டும். இறங்கியதும் யாராவது பெரியவர் வந்து, "தம்பி, நீ சொன்ன தோணி எங்க தாத்தாவோடது" என்று ஆரம்பிப்பார். பெயரையும் போன் நம்பரையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.